றங்குப்பெட்டிக்குள் ஒரு புலி

கேள்வி: அக்கா, எங்கள் வீடு தர்மபுரம் பக்கம். மகனுக்கு 19 வயது, ஏ.எல். எழுதிவிட்டு கைத்தொலைபேசி திருத்துகிற கடை ஒன்றில் வேலை பழகுகிறான். கனடாவில் இருக்கிற சித்தப்பா அனுப்பிய பார்சலில் அவனுக்கு ஒரு ரீசேட் வந்தது. நெஞ்சு முழுக்க வாயைத் திறந்து உறுமுகிற புலித்தலை, அதைச் சுற்றி ஏதோ ஆங்கில எழுத்து. அதைப் போட்டுக்கொண்டு பரந்தன் சந்திக்கு வெளிக்கிட்டவனை மறித்துக் கழற்ற வைத்து, றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நாலு நாளாக என்னோடு கதை பேச்சில்லை. வவுனியாவில் வாங்கிய வேறு ரீசேட்டுகளும் வைத்திருக்கிறான், ஒன்றில் தொப்பி போட்ட தாடிக்காரர், இன்னொன்றில் மண்டையோடும் ஆங்கில வசனமும். எல்லாம் தோள்மூட்டு முழங்கைக்கு வருகிற பெரிய சைஸ். அவனுடைய பெரியப்பா "சாக்குக்குள்ள பூந்தவன், அதுவும் டுப்ளிக்கேற் சாக்கு" என்று நக்கலடிக்கிறார். புலியை எரித்துவிடவா? மற்றவற்றை என்ன செய்வது? அயன் பண்ணினால் படம் அயன்பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், தர்மபுரம்

பதில்: தங்கச்சி, எரிக்க வேண்டாம். பயத்தில் எரித்ததும் புதைத்ததும் இந்த வன்னியில் போதும் போதும் என்று நடந்துவிட்டது, அல்பம், கசெற், பள்ளிக்கூடப் பத்திரம் வரைக்கும். அந்தக் கை எனக்கும் இருக்கிறபடியால் உங்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஏன் பூட்டினீர்கள் என்று அவனுக்குச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. "கழற்று" என்று மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சண்டை முடிகிறபோது உங்கள் மகனுக்கு இரண்டோ மூன்றோ வயது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்றதும், பையைக் கொட்டிக் காட்டினதும், என்ன நிறச் சேட் போட்டால் பிரச்சினை வராது என்று வீட்டிலேயே யோசித்து வெளிக்கிட்டதும் அவனுக்கு மற்றவர்கள் சொன்ன கதை மட்டும்தான். உங்களுக்கு அந்தப் புலித்தலையைக் கண்டதும் அடிவயிறு கலங்கியது, அவனுக்கு அது சித்தப்பா அனுப்பிய நல்ல ரீசேட்.

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் கென்சோ புலி, அல்லது அதைப் பார்த்து அடித்த கொப்பி. ஜப்பானில் பிறந்த கென்சோ தகாடா என்பவர் 1970இல் பாரிசில் தொடங்கிய உடுப்பு நிறுவனம் அது. அவர் விலகிப் பல வருசத்துக்குப் பிறகு, 2012இல், அதை நடத்தவந்த ஹம்பேர்ட்டோ லியோன், கரோல் லிம் என்ற இரண்டு அமெரிக்க வடிவமைப்பாளர்கள் உறுமுகிற புலித்தலை ஒன்றை ஸ்வெற்றரில் நூலால் தைத்து இறக்கினார்கள், அது உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது, நடிகர் பாடகர் எல்லாம் போட்டார்கள், கொப்பி அடிக்கிறவர்களுக்கும் சாப்பாடு கிடைத்தது. ரொரன்ரோவில் அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சித்தப்பாவும் வேறு நினைப்போடு அனுப்பியிருக்க மாட்டார், பொடியனுக்கு ஸ்டைலாக இருக்கட்டும் என்று எடுத்திருப்பார்.

ஆனால் பரந்தன் சந்தி ரொரன்ரோ இல்லையே. இங்கே தடை செய்யப்பட்ட இயக்கத்தின் சின்னத்திலும் உறுமுகிற புலித்தலைதான். இதில் துவக்கு இல்லை, சன்னம் இல்லை, கென்சோ என்று எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் பின்னேரம் ஆறு மணி மங்கலில் வீதியோரம் நிற்கிற ஒருவர் நின்று நிதானித்து வாசிப்பாரா என்று எனக்குத் தெரியாது. முகநூலில் ஒரு படம் போட்டதற்கே விசாரணைக்குப் போய்வந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எங்கள் வீடுகளில் செய்தவை உங்களுக்கும் தெரியும். புலியில் மட்டும் இல்லை இந்தச் சிக்கல். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு பெண்ணைப் பொலிஸ் பிடித்து உள்ளே வைத்தது, அவருடைய உடுப்பில் இருந்தது தர்மச்சக்கரம் என்று. பார்த்தால் அது கப்பலின் சுக்கான் சக்கரம். 2014இல் கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்தே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள், பிறகு 2017இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வரும்தான். வருகிற வரைக்கும் யார் அலைவது?

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நானும் கணவரும் கிளிநொச்சியில் ரீசேட்டுக்குப் படம் அடிக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறோம், கழக ஜேர்சி, திருவிழாத் தொண்டர் ரீசேட், பிறந்தநாள் என்று. ஒரு விளையாட்டுக் கழகப் பெடியள் வந்து நெஞ்சில் புலித்தலை வேண்டும் என்றார்கள். பங்களாதேஷ் கிரிக்கெட் அணிக்கும் புலிதானே அக்கா என்று நியாயம் வேறு. என் கணவர் பத்து நிமிசம் பேசாமல் இருந்துவிட்டு, வரியை எடுத்துப் புள்ளி வைத்தார், சிறுத்தை ஆகிவிட்டது. அதைப் பார்க்கப் பூனைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் கழுகு அடித்துக் கொடுத்தோம். இன்றைக்கும் அந்தக் கழுகைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், உள்ளே ஏதோ செய்யும்.

ஆகவே புலி ரீசேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு உட்கார்ந்து, எதற்குப் பயந்தேன் என்று ஒரு அரை மணித்தியாலம் கதையுங்கள், ஓமந்தையிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்குள் போடட்டும், படுக்கப் போடட்டும், கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிற காலத்தில் தானாக யோசித்து முடிவெடுக்கட்டும். இரவில் மோட்டார்சைக்கிளில் போகிறபோது வேண்டாம், மாவீரர் நாள் வருகிற நவம்பர் மாதம் அறவே வேண்டாம். இது கோழைத்தனம் என்று அவன் சொல்லலாம். சொன்னால் கேளுங்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஒரு படத்துக்காகப் பிள்ளையை மறிக்க வேண்டியிருக்கிற நிலைமை சரியானது என்று நான் சொல்ல வரவில்லை.

இராணுவ உடுப்பு மாதிரிப் பச்சைத் திட்டுத் துணி வைத்திருக்கிறானா என்றும் ஒருக்கால் பாருங்கள். ஸ்டைல் என்று கடையில் தொங்கும்தான், ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாளோடு சேர்த்து அந்த மாதிரி உடுப்பையும் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்த நாடு இது.

தாடிக்காரருக்கு வருவோம். தொப்பி, நட்சத்திரம், எங்கோ தூரத்தைப் பார்க்கிற கண், அது சேகுவேரா. பயப்பட வேண்டாம், நம் பக்கத்து ஓட்டோவின் பின் கண்ணாடியிலும் தென்பகுதி பஸ்ஸிலும் அவர்தான் ஓடித் திரிகிறார். 1960 மார்ச் 5ஆம் திகதி ஹவானாவில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த படம். 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பற்றிக் என்ற அயர்லாந்து ஓவியர் அதைக் கறுப்பு சிவப்பு என்று இரண்டு நிறத்துக்குச் சுருக்கினார், அதனால்தான் எங்களைப் போல அச்சடிக்கிறவர்களுக்கு அது இலகு, இரண்டே அச்சுச் சட்டகம், இரண்டே மை. கோர்டா இதற்கென்று உரிமைப் பணம் வாங்கவில்லை. ஒரு வொட்கா விளம்பரத்தில் போட்டபோது மட்டும் வழக்குப் போட்டார், 2000ஆம் ஆண்டு கிடைத்த 50,000 டொலரை கியூபாவின் மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டார். சே 1959இல் இலங்கைக்கும் வந்தவர், ஹொரணையில் ஒரு றப்பர் தோட்டத்தில் மகோகனி மரம் நட்டார். இதை மகனுக்குச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்காது. இன்னுமொன்றையும் சொல்லுங்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி நடந்தபோது அந்தப் பெடியளைச் சனம் "சேகுவேராக்காரர்" என்றுதான் சொன்னது, அந்தப் பெயர் ஒட்டினால் பொலிஸ் தேடி வரும். 2024இல் அதே கட்சியின் தலைவர் நாட்டுக்கு ஜனாதிபதி. அன்றைக்கு இந்த முகத்தை நெஞ்சில் போட்டிருந்தால் அந்தத் தாய்மாரும் றங்குப்பெட்டி தேடியிருப்பார்கள்.

மண்டையோடு பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே இருக்கிற வசனம்தான் எனக்கு இடிக்கிறது. வவுனியாவில் தொங்குகிற ரீசேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, சில வசனத்தை வாசித்தால் எனக்குக் காது கூசும். 2009இல் மெனிக்பாம் அகதி முகாமில் நிவாரண மூட்டையில் வந்த ரீசேட் ஒன்றை எங்கள் அப்பா மூன்று மாதம் போட்டார், இளஞ்சிவப்பு, நெஞ்சில் மினுக்க எழுத்து. மாற்ற வேறு இல்லை. ஒரு நாள் வந்த தொண்டர் பிள்ளை ஒருத்தி வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றாள். "மணமகளின் தோழி" என்று எழுதியிருந்ததாம். அப்பா கேட்டுவிட்டு, "சரி, மாப்பிள்ளை ஆர்?" என்றார். அதோடு கூடாரம் முழுக்கச் சிரித்தது. அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை, உங்கள் மகனுக்கு இருக்கிறது. பெரிய நிறுவனங்களே இதில் வழுக்கி விழுகின்றன. 2018 ஜனவரியில் எச் அன்ட் எம் "காட்டிலேயே கூலான குரங்கு" என்று எழுதின உடுப்பைக் கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்குப் போட்டுப் படம் எடுத்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தது, எத்தனை பேருடைய கண்ணைத் தாண்டி வந்திருக்கும், ஒருவருக்கும் படவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், தென்னாபிரிக்காவில் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். மகனிடம் ஒரு வேலை கொடுங்கள்: அந்த வசனத்தைத் தமிழில் மாற்றி அம்மம்மாவுக்குச் சத்தமாகச் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் போடலாம். முடியாவிட்டால் மோட்டார்சைக்கிள் துடைக்க நல்ல துணி. எதுவானாலும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மண்டையோட்டோடு போக வேண்டாம், அங்கே அம்மன் மன்னித்தாலும் ஆச்சிமார் மன்னிக்க மாட்டார்கள்.

பெரியப்பாவின் நக்கலைப் பற்றிப் பெரிதாக எழுத எனக்கு விருப்பமில்லை. அவருடைய காலத்தில் அவர் போட்ட பெல்பொட்டம் படத்தை எடுத்து மேசையில் வையுங்கள். தோள் இறங்கின பெரிய ரீசேட் இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது, வன்னி வெயிலுக்குக் காற்றோட்டமாகவும் இருக்கும், பருத்தியாக இருந்தால். பொலியெஸ்டர் என்றால் சித்திரை மாதம் அவனே கழற்றி எறிவான். டுப்ளிக்கேற் என்று அவர் சொல்கிறதைக் கேட்டு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தோடு சுப்ரீம் என்று பார்த்திருப்பீர்கள், 1994இல் நியூயோர்க்கில் தொடங்கிய கடை, அந்தச் சிவப்பு வெள்ளை எழுத்தே பார்பரா குறூகர் என்ற கலைஞரின் பாணியைப் பார்த்துச் செய்தது. அவர்களே 2013இல் இன்னொரு கடை தங்களைக் கொப்பி அடித்தது என்று ஒரு கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். பாரிசில் வெற்மோ என்ற நிறுவனம் பார்சல் கொண்டுவருகிற டி.எச்.எல். ஆட்களின் மஞ்சள் ரீசேட்டை அப்படியே போல அடித்து 185 பவுணுக்கு விற்றது, அதையும் வாங்கினார்கள். அசல் எது, கொப்பி எது என்று அங்கேயே குழம்பிப்போய் இருக்கிறது, தர்மபுரத்தில் இருந்துகொண்டு பெரியப்பா தீர்ப்புச் சொல்கிறார்.

காசை வீணாக்குகிறான் என்ற கவலை இருந்தால் வேறு வழி இருக்கிறது. வெறும் கறுப்பு ரீசேட், தடிப்பான பருத்தி, 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீற்றருக்கு 200 கிராம்) மேலே, அதை எடுத்துத் தனக்குப் பிடித்ததைத் தானே வரைந்து அடிக்கட்டும். 2020 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் "இந்தி தெரியாது போடா" ரீசேட் எப்படி ஓடினது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், திருப்பூரில் அடித்துத் தள்ளினார்கள். எங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லையா? இரணைமடுக் குளத்து வான்கதவு, முறிகண்டிக் கச்சான் சுருள், இதையெல்லாம் நெஞ்சில் போட ஒருவரும் இல்லை. ஆனால் தமிழ் எழுத்து அடிக்கக் கொடுக்கும்போது கவனம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோட் கணினியில் திறந்து, ஆங்கில எழுத்தும் குறியும் குவிந்து கிடக்கிறதை அப்படியே அச்சுக்கு விட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அச்சுக்கு முதல் கடதாசியில் ஒரு பிரதி எடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அயன் விசயம். படம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் அது பெரும்பாலும் சூட்டில் ஒட்டின ஸ்டிக்கர் வகை, துணிக்குள் இறங்கின மை இல்லை. கழுவும்போதும் அயன் பண்ணும்போதும் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள், நிழலில் காயப்போடுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். திருப்பின பிறகும் படத்துக்கு நேரே அழுத்தாமல், நடுவில் ஒரு பழைய பருத்தித் துணி வைத்துக் குறைந்த சூட்டில் எடுங்கள். அயன்பெட்டியில் ஏற்கனவே ஒட்டினதற்கு, வெள்ளைக் கடதாசியில் ஒரு கை உப்பைப் பரப்பி, பெட்டியைச் சூடாக்கி, நீராவியை நிற்பாட்டிவிட்டு அதன்மேல் முன்னும் பின்னும் தேயுங்கள், கறுப்பாக உப்பில் வந்துவிடும். உரசினால் கீறுகிற பூச்சுள்ள பெட்டி என்றால் உப்பு வேண்டாம், சூடு ஆறினதும் ஈரத்துணியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்தால் போதும்.