கொடி காயட்டும், இலை உதிர வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் வி.கோட்டாவுக்குப் பக்கம், ஆந்திர எல்லைக்குள். 40 பெட்டையும் 2 கிடாவும் இருக்கின்றன. மாமனார் மேய்க்கிறார், பட்டி வேலையும் தீவனமும் என் பொறுப்பு. போன பங்குனியில் 1 ஏக்கர் கடலை பிடுங்கினோம். ஆள் வைத்துக் காய் ஆய்ந்து முடிக்க 2 நாள் ஆனது, அதுவரை கொடி குவியலாகவே கிடந்தது. பிறகு பாறைமேல் முழ உயரத்துக்குப் பரப்பி 6 நாள் காய விட்டோம். இலை கொட்டிவிடுமே என்று புரட்டவில்லை. ஒரு நாள் மதியம் டிராக்டரில் ஏற்றிப் போர் போட்டோம். சித்திரையில் பிரித்துப் பார்த்தால் மேலே வெறும் குச்சி, நடுவில் கறுத்துப் போய் வெள்ளைப் பூசணம், உள்ளே வெதுவெதுப்பு. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. நறுக்கித் தவிட்டில் கலந்து போட்டால் தின்றுவிடும் என்கிறார்கள். போடலாமா? இந்த வருஷம் பேசாமல் வைக்கோலே வாங்கிவிடலாமா?

பதில்: முதல் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறோம், போடாதீர்கள். ஆடு விலகிப் போனது உங்களுக்குச் செய்த உதவி. கடலைக்கொடியில் வளரும் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். நறுக்கினாலும் தவிட்டில் கலந்தாலும் வெயிலில் மறுபடி காய வைத்தாலும் அது போகாது. வாசனையைத் தவிடு மறைத்துவிடும், அவ்வளவுதான். சினையாடு தின்றால் குட்டி வீசவும், அதாவது கரு கலையவும் கூடும். கறுத்த பகுதி, வெள்ளை படிந்த பகுதி, அதை ஒட்டி இரண்டு சாண் வரை சுற்றியுள்ளது எல்லாவற்றையும் எருக்குழிக்கு அனுப்புங்கள். பட்டியில் படுக்கையாகவும் போட வேண்டாம். அந்தத் தூசியை ஆடும் மூச்சில் இழுக்கும், கூட்டிப் பெருக்கும் நீங்களும் இழுப்பீர்கள்.

உங்கள் கொடிக்கு என்ன ஆயிற்று என்பது கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே போரில் இரண்டு நேரெதிர் தவறுகள் நடந்திருக்கின்றன. மேல்கொடி அளவுக்கு மீறிக் காய்ந்தது, அடிக்கொடி காயவே இல்லை. பிடுங்கிய கொடியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் குவித்து வைத்தால் செடி இன்னும் உயிரோடுதான் மூச்சுவிடும், சூடாகும். சாயங்காலம் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், அடுப்படி போல் இருக்கும். அந்தச் சூட்டில்தான் சத்து எரிகிறது, பூசணமும் அங்கேயே தொடங்குகிறது. அதன் பிறகு முழ உயரத்தில் பரப்பினால் மேல் நான்கு விரல் அப்பளமாகும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். மதிய வெயிலில் அப்பளத்தைத் தொட்டு ஏற்றினீர்கள், இலை பாறையிலேயே தங்கிவிட்டது. வண்டி ஏறியது குச்சியும் ஈர அடிக்கொடியும்தான்.

கடலைக்கொடியின் மதிப்பே இலைதான். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம். நல்ல கடலைக்கொடியில் 8 முதல் 12 வரை இருக்கும், அதில் பெரும் பங்கு இலையில். இலை போன கொடியும் வைக்கோலும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே காய வைக்கும் வேலை முழுவதையும் இலையை மனதில் வைத்தே செய்ய வேண்டும். தண்டு காய வேண்டும், இலை உதிரக்கூடாது.

எவ்வளவு ஆள் வருமோ அவ்வளவே பிடுங்குங்கள். அன்றைக்கு ஆய்ந்த கொடி அன்றைக்கே பரப்பப்பட வேண்டும். பரப்பும்போது வேரைப் பிடித்து இரண்டு உதறு உதறி மண்ணைக் கொட்டுங்கள். மண்ணோடு போருக்குப் போனால் பூசணமும் கூடவே போய்ச் சேரும். ஆயாமல் விட்ட காய் கொத்தாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஆடு அதைத் தேடித் தேடித் தின்றுவிட்டு வயிறு ஊதி நிற்கும். பரப்பும் கனம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பாறை நல்ல இடம்தான், கரையான் வராது, அடி ஈரம் இல்லை. ஆனால் மதியத்தில் பாறை அடுப்புக்கல்லாகிவிடும். முதல் நாளுக்குப் பாறை, அடுத்த நாட்களுக்குக் களமோ புல் தரையோ என்று வைத்துக்கொள்வது நல்லது.

புரட்டினால் இலை கொட்டும் என்று பயந்தீர்கள். நேரம் தவறினால்தான் கொட்டும். விடியற்காலைப் பனியில் இலை துவண்டு தோல்போல் இருக்கும்போது, ஆறரையிலிருந்து எட்டுக்குள், கவைக்கோலால் அடியில் கொடுத்து மெல்லத் தூக்கிக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு இலைகூட ஒடியாது. அதே கொடியைப் பத்து மணிக்குத் தொட்டால் சலசலவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

உங்கள் மேட்டு நிலத்தில் பங்குனி, சித்திரையில் வானம் காலையில் வெளுத்துக் கிடக்கும், மூன்று மணிக்கு மேல் இடி கூட்டும். எனவே தினமும் மூன்று மணிக்கெல்லாம் கொடியை இடுப்பு உயரத்துக்குச் சிறு சிறு குவியலாக, உச்சி கூம்பாக ஒதுக்கி, மேலே தார்ப்பாயோ பழைய உரச்சாக்கோ போட்டுக் கல் வையுங்கள். மறுநாள் காலை, மேலே சொன்ன ஆறரை, எட்டு நேரத்திலேயே, அடிக்கொடி மேலே வரும்படி பிரித்துப் பரப்புங்கள். இப்படி இரண்டு நாள் செய்தால் போதும். மூன்றாம் நாளிலிருந்து வெயிலில் பரப்பவே வேண்டாம். குவியலாகவே விட்டு, தினம் ஒருமுறை உள்ளே இருப்பது வெளியே வரும்படி மாற்றி அடுக்குங்கள். மிச்ச ஈரத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும், இலையின் பச்சையும் போகாது. நான்கு அல்லது ஐந்து நாளில் போருக்குத் தயாராகும். பரப்பிக் கிடக்கும்போது மழை பிடித்துவிட்டால் ஈரத்தோடு கூட்டிக் குவிக்காதீர்கள். கிடந்தபடி விட்டு, மேல்பக்கம் உலர்ந்ததும் புரட்டுங்கள்.

தயாராகிவிட்டதா என்று இலையைப் பார்த்து முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்டைப் பாருங்கள். குவியலின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி உருவி, கயிறு திரிப்பதுபோல் இரண்டு கையாலும் முறுக்குங்கள். முறுக்கில் தண்டு வெடித்துப் பிளந்தால் சரி. ஒடியாமல் வளைந்து கையில் குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஒரு நாள் வேண்டும். கணுப் பக்கத்தில் நகத்தால் கீறுங்கள், தோல் உரிந்து வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையென்றால் உப்புச் சோதனை. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் விரல் நீளத்துக்கு நறுக்கிய கொடியைப் பாதி நிரப்பி, இரண்டு தேக்கரண்டி உலர்ந்த தூள் உப்பைப் போட்டு மூடி 2 நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, போர் போடலாம். கட்டி தட்டினாலோ பாட்டிலில் ஒட்டினாலோ பொறுத்திருங்கள். குவியலில் நாலைந்து இடத்தில் எடுத்துச் சோதித்தால்தான் நம்பலாம்.

ஏற்றுவதும் காலையில்தான். வண்டிப் பெட்டியில் பழைய சேலை விரித்துக்கொள்ளுங்கள், அல்லது சேலையிலேயே மூட்டையாகக் கட்டித் தூக்குங்கள். கடைசியில் சேலையில் தங்கும் இலைத்தூளைச் சாக்கில் தனியாகக் கட்டி வையுங்கள். தாயிடம் பால் குடித்துக்கொண்டே மூன்று வாரத்தில் கொறிக்கத் தொடங்கும் குட்டிகளுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

போருக்குக் கற்களை அடுக்கி அதன்மேல் கழி பரப்பி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மேடை போடுங்கள். 15 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரப் போரில் ஏறக்குறைய 2 டன் பிடிக்கும். அடுக்கும்போது நடுவை எப்போதும் உயர்த்தியே கொண்டு வாருங்கள். பள்ளமாக அமுங்கினால் மழை உள்ளே இறங்கும். 100 கிலோவுக்கு ½ முதல் 1 கிலோ கல்லுப்பு தூவினால் ஆடு விரும்பித் தின்னும். ஆனால் ஈரக்கொடியை உப்பு காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். வீட்டிலிருந்தும் பட்டியிலிருந்தும் 40 அடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம் போரைக் கவனிக்க வேண்டும். நீண்ட இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி, ஒரு மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் தினமும் பாருங்கள். கை வைத்து நிற்க முடியாத சூடு என்றால் அன்றே பிரித்துப் போடுங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். உள்சூடு ஏறிய போர் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்வது உண்டு.

இனி எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஈரம் நீங்கலாக நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ தீவனம் வேண்டும். கோடையில் மேய்ச்சல் அதில் பாதியைத் தந்தால் பெரிது. மீதி ½ கிலோ, 42 ஆடு, 100 நாள் என்றால் 2 டன்னுக்குச் சற்று மேல். காலில் மிதித்து வீணாவதையும் சேர்த்து 2½ டன் என்று வையுங்கள். 1 ஏக்கர் இறவைக் கடலையில் காய்ந்த கொடி 1 முதல் 1½ டன் வரும். ஆக, கொடியை முழுதாகக் காப்பாற்றினாலும் 1 டன்னாவது இடிக்கும்.

அதற்கு வைக்கோலைவிடக் கேழ்வரகுத் தாள் மேல். உங்கள் பக்கத்தில் கிடைப்பதும் அதுதான். இரண்டாவது வழி, கிணற்றுத் தண்ணீரில் 50 சென்ட் கோ.எஃப்.எஸ்.29 என்ற தீவனச் சோளம். ஏக்கருக்கு 2 கிலோ விதை என்பது பரிந்துரை. காய வைப்பதற்கென்றால் கொஞ்சம் நெருக்கி விதையுங்கள், தண்டு மெலிந்து சீக்கிரம் காயும். பாதிப் பயிர் பூக்கும்போது, 65 நாள் வாக்கில் அறுங்கள். 100 கிலோ பச்சை காய்ந்தால் 25 கிலோதான் நிற்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். கத்தைகளை நட்டுச் சாய்த்து நிறுத்திக் காய வைத்தால் நடுவும் காயும். ஒரு எச்சரிக்கை: பூக்காத இளஞ்சோளத்தையும் அறுத்த கட்டையில் துளிர்த்து, தண்ணீர் இல்லாமல் வாடிய மறுதாம்பையும் பச்சையாக ஆடு தின்றால் நஞ்சேறி நிமிடங்களில் சாகும். மாமனாரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், வரப்போரம் ஓட்டிப் போகிறவர் அவர்தான்.

போரிலிருந்து தீனியை எப்போது போடுவது என்பதிலும் கோடைக்குத் தனி ஒழுங்கு உண்டு. காலை ஆறுக்கு ஓட்டிப் பத்துக்குள் திருப்புங்கள். நடுப்பகல் முழுதும் புளிய மரத்தடியோ வேப்பமரத்தடியோ. நாலரைக்கு மறுபடி மேய்ச்சல். உலர்தீனி இரவில்தான், ஏழு மணிக்கு. நார்த்தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும், அந்தச் சூடு பகல் வெயிலோடு சேர வேண்டாம். தரையில் வீசினால் மூத்திரமும் புழுக்கையும் பட்டு மூன்றில் ஒரு பங்கு வீணாகும். மூங்கில் தட்டி அடித்து, கழிகளுக்கிடையே 3 விரற்கடை இடைவெளி விட்டு, அடிப்பக்கம் தரைக்கு ஒன்றரை அடி மேலே இருக்கும்படி கட்டுங்கள். பெரிய ஆட்டுக்குத் தலைக்கு 1 அடி வேண்டும். இரண்டு பக்கமும் நின்று தின்னும்படி 21 அடி நீளத் தட்டி உங்கள் மந்தைக்குச் சரியாக இருக்கும். பால் கொடுக்கும் தாயாடுகளையும், ஈனுவதற்கு ஒன்றரை மாதம் இருக்கும் சினையாடுகளையும் தடுப்பில் பிரித்து, இலை மிகுந்த கொடியை அவற்றுக்குப் போட்டு, அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) 200 கிராம் சேர்த்துக் கொடுங்கள். பக்ரீத் ஆண்டுக்குப் பத்து நாள் போல முன்னே நகர்ந்து இப்போது கோடையில் வருகிறது. வேலூர் மாவட்டத்துக் கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தைக்குக் கிடாக்குட்டி தேற்றுவதாக இருந்தால் நல்ல கொடியில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

பச்சை தின்னும் ஆட்டுக்குத் தண்ணீர் பாதி தீனியிலேயே வந்துவிடும். உலர்கொடி தின்னும் ஆட்டுக்கு அப்படியில்லை. தலைக்கு 4, 5 லிட்டர் வேண்டும், உங்கள் மந்தைக்கு நாளுக்கு 200 லிட்டர். தொட்டி நிழலில் இருக்கட்டும். தண்ணீர் சுட்டால் ஆடு குடிக்காது, குடிக்காவிட்டால் கொடியும் தின்னாது. தீனி பிடிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். பச்சையிலிருந்து உலர்தீனிக்கு மாற்றும்போது ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

போரை ஆனிக்கு முன்பே காலி செய்துவிடாதீர்கள், 200 கிலோவாவது மிச்சம் வையுங்கள். முதல் மழைக்கு முளைக்கும் பிஞ்சுப் புல்லைப் பசியோடு மேயும் ஆட்டுக்குத்தான் துள்ளுமாரி என்ற குடல்நஞ்சு நோய் வருகிறது, அதுவும் மந்தையில் கொழுத்த குட்டியாகப் பார்த்து. மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதன்முறை போடும் குட்டிகளுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. மழை தொடங்கிய முதல் இரண்டு வாரம், காலையில் பட்டியைத் திறப்பதற்கு முன் ஆட்டுக்கு ஒரு கை கொடி தின்ன விட்டு, பிறகு ஓட்டச் சொல்லுங்கள்.