சாதாரண தரம் முடித்த மகனுக்குப் பொறித்தொழில்: தலவாக்கலைத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

"அப்பா பேக்டரியில் கை கறுத்தது போதாதா, இவனுமா?" என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் பலமுறை வாசித்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரும் டிரையரும் பழுதுபட்டால் முதலில் கூப்பிடப்படுபவர் உங்கள் கணவர்தான். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கையில் ஒரு சான்றிதழும் இல்லை. தோட்டத்துக்கு வெளியே அவருடைய திறமைக்குச் சாட்சி இல்லாமற் போனதற்கு அதுவே காரணம். அவர் செய்த தொழிலில் எந்தக் குறையும் இல்லை.

மகனுக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. இலங்கையின் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு மட்டங்களுக்குச் சான்றிதழும், 5, 6 ஆகியவற்றுக்கு டிப்ளோமாவும், 7க்குப் பட்டமும் வழங்கப்படுகின்றன. லேத் எனப்படும் கடைசல் இயந்திர வேலையிலோ வெல்டிங்கிலோ நான்காம் மட்டத்தை முடித்தவர் வேலையில் இருந்துகொண்டே மேலே படிக்கலாம். யுனிவோடெக் என்று அழைக்கப்படும், இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை இந்தப் பாதை செல்கிறது.

கணிதத்தில் மகன் பெற்ற எஸ் சித்தியை, அதாவது சாதாரண சித்தியைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறீர்கள். பட்டறைக்கு வேண்டிய கணிதம் குறுகியது, ஆனால் பிழை பொறுக்காதது. மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கருவியில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை வாசிக்க வேண்டும். கடைந்தெடுத்த தண்டு அப்படிச் சில பங்குகள் பருத்துவிட்டாலே அதைத் தாங்கும் வளையமான பெயாரிங்கினுள் சரியாக இறங்காது, மெலிந்துவிட்டால் அந்தத் தண்டை வீசவேண்டியதுதான். ஆகவே வகுப்புத் தொடங்கும் வரையுள்ள மாதங்களில் தசமம், பின்னம், கோணம் ஆகிய மூன்றையும் அவர் தினமும் செய்து பழகட்டும். ஒரு நட்டை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து அளவோடு வரையட்டும். வரைபடத்தை வாசிக்கத் தெரியாதவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராயினும் இன்னொருவர் சொல்லக் கேட்டே வேலை செய்ய நேரிடும் என்பதால், இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன்.

ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையமும், கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. தொழிலிடத்திலேயே பயிலுநராகச் சேர விரும்பினால் நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையை அணுகலாம். எங்கு சென்றாலும் பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: நிலையம் 'மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு'வில் பதிவானதா, அந்தப் பாடநெறி எந்த மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றது, போதனை எந்த மொழியில் நடக்கிறது. மொழி பற்றிய கேள்வியை நம்மவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள்; பிறகு சிங்கள மொழி வகுப்பில் ஒன்றும் விளங்காமல், நல்ல கைகளுள்ள பிள்ளைகள் இரண்டாம் மாதமே தோட்டத்து லயத்துக்குத் திரும்புவதைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். மகன் இப்போதே பேச்சுச் சிங்களம் பழகுவது நல்லது.

வெல்டிங் கற்பவர் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசமின்றி ஒருமுறைகூடச் சுடரைப் பார்க்கக் கூடாது. லேத்தின் முன் தளர்ந்த சட்டைக்கையோ மோதிரமோ ஆகாது. இவற்றைக் கண்டிப்புடன் சொல்லித்தரும் ஆசிரியர் உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவரைப் பற்றி ஒரு விடயம். அனுபவத்தால் தொழில் கற்றவர்கள் பாடநெறியில் சேராமலே, செய்துகாட்டும் திறனை மதிப்பிடச் செய்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. நைட்டா அலுவலகத்துக்கு மகனுடன் செல்லும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் எத்தனை ஆண்டு, எந்தெந்த இயந்திரங்களில் வேலை செய்தார் என்று தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.