17-வது பார்ட்டிஷன் எங்க போச்சு?

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சி. எங்க சித்தப்பா ஸ்டூடியோ வச்சிருந்தாங்க, சுத்துப்பட்டு ஊர்க் கொடையில எடுத்த ரெக்கார்டிங்க எல்லாம் ஒரே ஹார்டுடிஸ்க்ல ஊர் ஊரா பிரிச்சி 17 பார்ட்டிஷன் போட்டு வச்சிருந்தாங்க, லினக்ஸ் சிஸ்டம். 2007ல அப்டேட் பண்ணதும் கடைசி ரெண்டு மட்டும் காணல. 17ல தான் எங்கப்பா வில்லடிச்சி பாடுனது இருந்துச்சி. பாக்க வந்தவரு எல்லாம் அழிஞ்சிட்டுன்னுட்டு போயிட்டாரு. அப்பா இப்பம் இல்ல. டிஸ்க் பீரோவுல கெடக்கு. நெசமாவே அழிஞ்சிருக்குமா?

தம்பி,

அழியல. அப்டேட்டால அழியல, அத மொதல்ல சொல்லிருதேன்.

லினக்ஸோட மையமா இருக்க கர்னலுக்கு, டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிஏ (sda) எச்டிஏ (hda)ங்கிற பேருல்லாம் நமக்காகத்தான், உள்ள அது பாக்குறது மேஜர் மைனர்னு ரெண்டு நம்பரு. மேஜர்னா எந்த டிரைவரு, அதாவது டிஸ்க்க ஓட்டுற மென்பொருள், மைனர்னா அந்த டிரைவருக்கு கீழ எத்தனாவது ஆளு. ஆரம்பத்துல ரெண்டுக்கும் சேத்தே 16 பிட்டுதான், ஆளுக்கு 8, அப்பம் ஒரு மேஜருக்கு கீழ 256 மைனர்தான் வரும். ஐடிஈங்கிறது ஒங்க டிஸ்க் மாதிரி பழைய வகை இணைப்பு, அதோட டிரைவரு அதுல ஒரு டிஸ்க்குக்கு 64 ஒதுக்கிச்சி, முழு டிஸ்க்குக்கு ஒண்ணு போக 63 பார்ட்டிஷன். ஸ்கஸிங்கிற இன்னொரு வகை இணைப்போட டிரைவரு நெறைய டிஸ்க்க அடக்கணும்னு 16 தான் ஒதுக்கிச்சி, அதாவது 15 பார்ட்டிஷன். 2007 வாக்குல ஐடிஈ டிஸ்க்கையும் லிபாட்டாங்கிற புது டிரைவர் தொகுப்பு வழியா ஸ்கஸி பக்கம் கொண்டு போனாங்க, எச்டிஏ எஸ்டிஏ ஆச்சி, ஒங்க 16க்கும் 17க்கும் குடுக்க நம்பர் இல்ல. பாட்டு அங்கயேதான் இருந்துச்சி, போய்ச் சேர கதவு நம்பர்தான் இல்ல.

2003 டிசம்பர்ல 2.6 கர்னல் வந்தப்பவே நம்பர 32 பிட்டா ஆக்கிட்டாங்களே, மேஜருக்கு 12 மைனருக்கு 20, பத்து லட்சத்துக்கு மேல மைனர் இருக்கே, பெறவு ஏன் 15லயே நின்னுச்சின்னு கேக்கலாம். நம்ம ஊர் வீட்டு வாசல்ல பழைய எண் புதிய எண்ணுன்னு ரெண்டும் எழுதிருக்கும்லா, அந்த சங்கடம்தான். 16ங்கிற பங்க மாத்துனா ரெண்டாவது டிஸ்க்குல இருந்து எல்லா நம்பரும் நகந்துரும், பழைய நம்பர நம்பி இருக்க சிஸ்டம் தப்பான டிஸ்க்குல போயி எழுதிரும். 32 பிட்டா ஆக்குனப்ப கூட மைனரோட கூடுதல் பிட்ட மேல கொண்டு போயி வச்சி, கீழ உள்ள பழைய 16 பிட்ட அசைக்காம விட்டாங்க, அவ்வளவு பயம். அது நியாயமான பயம்னுதான் நான் நினைக்கேன். எனக்கு கோவம் எல்லாம் டிஸ்க்க பாக்காமலே அழிஞ்சிட்டுன்னு சொன்னாருல்லா, அவரு மேலதான். அன்னைக்கே பார்ட்டிஷன தனியா காட்டித் தர்ற கேபார்ட்எக்ஸ் (kpartx)ங்கிற கருவிய போட்டிருந்தா 17 வந்திருக்கும்.

2008 கடைசியில 2.6.28ல இத சரி பண்ணிட்டாங்க, 15 வரைக்கும் பழைய நம்பர், அதுக்கு மேல உள்ளதுக்கு 259ங்கிற தனி மேஜர்.

அதனால டிஸ்க் ஓடுற நிலையில இருந்தா ஒரு ஐடிஈ யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டி இப்ப உள்ள எந்த லினக்ஸ்லயும் போடுங்க, மவுன்ட் பண்ணாதீங்க, அதாவது பார்ட்டிஷன தொறக்காதீங்க, மொதல்ல முழு டிஸ்க்கையும் அப்படியே இமேஜா, ஒரே ஃபைலா நகல் எடுத்துருங்க. பழைய டிஸ்க், ரொம்ப நேரம் ஓட விடக்கூடாது. கன்வெர்ட்டர் இல்லன்னா பாளையங்கோட்டைக்கு வாங்க, என்கிட்ட இருக்கு. சேந்தே எடுப்போம்.