வேலூர் கோடையில் ஃபிலிம் கழுவும் தண்ணீரை எப்படிக் குளிர்ச்சியாக வைத்திருப்பது?

குடியாத்தத்தில் இருந்துகொண்டு மே மாதத்தில் கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ நினைக்கிறீர்கள். குழாயைத் திறந்தால் 35 டிகிரியில் தண்ணீர் வருகிறது, படத்தைத் துலக்கும் மருந்தான டெவலப்பரின் பொட்டலத்திலோ 20 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது, இதற்காக ஏ.சி. அறையோ தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமோ வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. வேண்டியதில்லை. சத்துவாச்சாரியில், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரையே நம்பியிருக்கும் ஒரு வீட்டின் குளியலறையில், ஏ.சி. இல்லாமல் பல கோடைகளாக ஃபிலிம் கழுவி வருகிறேன். எனக்குப் பயன்பட்டதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் 20 டிகிரி மீதுள்ள பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். அது குளிர்நாடுகளின் அறை வெப்பத்தை ஒட்டி நிலைபெற்ற எண். அதில்தான் ஃபிலிம் துலங்கும் என்று எந்த வேதியியல் விதியும் இல்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது துலக்கும் நேரத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே அடர்த்தி கிடைக்கும். ஆகவே 24 டிகிரியில் கழுவினால் 20 டிகிரிக்குக் கொடுத்த நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு போதும். ஹெச்.பி.5 பிளஸ் ஃபிலிமை ஐ.டி. 11 டெவலப்பரில் சமபங்கு தண்ணீர் சேர்த்துக் கழுவ 20 டிகிரியில் 13 நிமிடம் என்றால், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். அதே டெவலப்பரைத் தண்ணீர் சேர்க்காமல் பயன்படுத்தினால் ஏழரை நிமிடம் ஐந்தேகால் நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால், ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் சில நொடிகளே ஃபிலிமில் திட்டுத்திட்டாகத் தெரியக்கூடும் என்பதால், கோடையில் நீர்த்த டெவலப்பரையே தேர்ந்தெடுப்பது நல்லது. நான் மார்ச் முதல் ஜூன் வரை 24 டிகிரியை விட்டு அசைவதில்லை.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் ஆகிய நான்கும் அந்த எண்ணிலேயே இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். பெரும்பாலானோர் டெவலப்பரை மட்டும் ஐஸ் வைத்துப் பாதுகாத்துவிட்டு, கடைசியில் ஃபிலிம் இருக்கும் ஒளி புகாத டேங்கை நேராகக் குழாயடியில் பிடித்துவிடுகிறார்கள். டெவலப்பரில் ஊறி உப்பியிருக்கும், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் 20 டிகிரியிலிருந்து திடீரென்று 36 டிகிரித் தண்ணீருக்குப் போனால் இளகி, ஓரங்களில் சுருங்கவோ, படம் முழுவதும் வெடித்த சேற்றுநிலம் போன்ற நுண்வலை விழவோ வாய்ப்பு உண்டு. இன்றைய கோடாக், இல்ஃபோர்டு ஃபிலிம்கள் தயாரிப்பிலேயே நன்கு கடினப்படுத்தப்பட்டவை என்பதால் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் பழைய முறையில் பூசப்படும் சில ஐரோப்பிய ஃபிலிம்கள் மென்மையானவை. ஈரமாக இருக்கும்போது விரல் நகம் பட்டாலே கீறிவிடும். அலசும் தண்ணீர் டெவலப்பரின் வெப்பத்திலிருந்து 5 டிகிரிக்கு மேல் விலகாமல் இருப்பது பாதுகாப்பான எல்லை.

அப்படியானால் குழாய்த் தண்ணீர் முழுவதையும் குளிர்விக்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். 35 மி.மீ. சுருள் ஒன்றுக்கு டேங்கில் ஒரு முறை நிரப்ப சுமார் 300 மி.லி. போதும். அலசுவதற்கு இல்ஃபோர்டு நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில், கடினப்படுத்தாத ஃபிக்ஸரைப் பயன்படுத்தியிருந்தால், டேங்கை நிரப்பி 5 முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மூன்றாவது தடவை 20 முறை கவிழ்த்துக் கொட்டினால் ஃபிலிம் சுத்தமாகிவிடும். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், மூன்று அலசல், கடைசி முக்கல் என்று கூட்டிப் பார்த்தால் மொத்தம் இரண்டேகால் லிட்டரைத் தாண்டாது. பாலாறு மணல்வெளியாகக் கிடக்கும் மாதங்களில், அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு ஃபிலிம் அலசுவது பார்க்கவும் நன்றாக இராது.

இந்த இரண்டேகால் லிட்டரைக் குளிர்விப்பதில் பாதி வேலையை மண்பானை செய்துவிடும். சென்னையைவிட நம் பக்கத்துக் காற்று வறண்டது. அதனால் பானையின் புறத்தே கசியும் நீர் வேகமாக ஆவியாகி, வெளியில் 40 டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே உள்ள தண்ணீரை 27 டிகிரிவாக்கில் கொண்டுவந்துவிடும். ஈரச் சாக்கைச் சுற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் இன்னும் சற்று இறங்கும். ஆனால் ஆவியாதலுக்கு ஒரு தரை உண்டு. காற்றின் ஈரப்பதம் விதிக்கும் அந்த எல்லைக்குக் கீழே, எவ்வளவு நல்ல பானையானாலும், எத்தனை ஈரத்துணி சுற்றினாலும் இறங்காது. மே மாதத்தில் அந்த எல்லை 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். எஞ்சிய இரண்டு மூன்று டிகிரிக்குத்தான் ஐஸோ ஃபிரிட்ஜோ தேவைப்படுகிறது.

ஃபிரிட்ஜில் வெறும் தண்ணீரை மட்டும் வையுங்கள், மருந்தை வைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் கை நீட்டும் இடத்தில் டெவலப்பர் பாட்டில் இருப்பது ஆபத்து. தவிர, அதிகம் குளிர்ந்தால் கரைந்த உப்புகள் படிகமாக அடியில் தங்கவும் கூடும். குளிர்ந்த தண்ணீரைக் கலவையில் சேர்த்தாலே போதும். அலமாரியில் இருக்கும் டெவலப்பர் 31 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதில் 150 மி.லி., பானைத் தண்ணீர் 27 டிகிரியில் 75 மி.லி., ஃபிரிட்ஜ் தண்ணீர் 7 டிகிரியில் 75 மி.லி. என்று கலந்தால், சமபங்கு நீர்த்த 300 மி.லி. டெவலப்பர் 24 டிகிரியில் தயாராக நிற்கும். ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எந்த வெப்பத்துக்கும் இப்படி அளவு போட்டுக்கொள்ளலாம். டெவலப்பருக்குள் நேரடியாக ஐஸ் போடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்; எவ்வளவு உருகிற்று என்பது தெரியாமல் செறிவு குலைந்துபோகும்.

கலந்ததை அரை மணி நேரம் அதே வெப்பத்தில் வைத்திருக்க, மீன் வரும் தெர்மோகோல் பெட்டியைவிடச் சிறந்த சாதனத்தை நான் பார்த்ததில்லை. நன்றாகக் கழுவி வாடை போனதும் அதில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மருந்து பாட்டில்களையும் அலசும் தண்ணீர் பாட்டில்களையும் கழுத்தளவு அமிழ்த்தி வைக்கிறேன். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கே 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், உருகிய பின் 24 டிகிரிக்கு ஏறுவதற்கு மேலும் 24 கலோரி. எனவே 5 லிட்டரை 32 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 385 கிராம் ஐஸ் வேண்டும். பெட்டியும் பாட்டில்களும் எடுத்துக்கொள்வதைச் சேர்த்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுற்றுத் தண்ணீரில் ஐஸை நேரடியாகவே போடலாம். பிறகு ஏறும் அரை டிகிரி, ஒரு டிகிரியைப் பிடித்து நிறுத்த, முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி உறைய வைத்த சிறிய பாட்டில் ஒன்று கைவசம் இருக்கட்டும். டேங்கைக் கவிழ்க்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதையும் இந்தத் தண்ணீரிலேயே உட்கார வையுங்கள், ஏனெனில் உள்ளங்கைச் சூடே அதை ஏற்றிவிடும்.

பழைய ஹைப்போ உப்பையே ஃபிக்ஸராகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: அது கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், கலக்கக் கலக்கப் பாத்திரம் சில்லிட்டுப்போகும். டி 76 போன்ற தூள் டெவலப்பர் நேர்மாறாக 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில்தான் கரையும் என்பதால், அதை முந்தின நாளே கரைத்து ஆற வைத்துவிட வேண்டும். மோட்டார் தண்ணீரின் உப்பு இதற்கு ஆகாது. கேன் தண்ணீர் போதும்.

ஐஸே கிடைக்காத நாளில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு வெப்பநாடுகளுக்கென்று பழைய கையேடுகள் சொல்லும் வழி, தண்ணீரை விட்டுவிட்டு ஜெலட்டினைப் பலப்படுத்துவது. டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட் சேர்த்தால் ஜெலட்டின் அதிகம் உப்பாது. அதன்பின் ஸ்டாப் பாத்துக்குப் பதிலாக, லிட்டருக்கு 30 கிராம் குரோம் படிகாரமும் 60 கிராம் நீரற்ற சோடியம் சல்ஃபேட்டும் கலந்த கரைசலில் 3 நிமிடம் வைத்தால் படலம் இறுகிவிடும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் குரோமியம் உப்பால் தோலைப் பதனிடுகிறார்களே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. ஜெலட்டினும் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவதுதானே. கரைசல் ஊதா நீலத்திலிருந்து மஞ்சள் பச்சைக்கு மாறினால் அதன் வீரியம் போய்விட்டது என்று பொருள். ஆயினும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குரோமியக் கழிவு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கினால் என்ன ஆகும் என்பதை வேறு எந்த மாவட்டத்தாரையும்விட நாம் நன்றாகவே அறிவோம். அரைக் கிலோ ஐஸ் வாங்குவதற்குச் சோம்பி அதை வீட்டுச் சாக்கடையில் ஊற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலை ஐந்து மணிதான் உகந்தது. இரவு ஒன்பது மணிக்கு வெயில் இல்லையே என்று தொடங்காதீர்கள்; ஊரைச் சுற்றியுள்ள பாறைமலைகளும் மாடித் தளமும் பகலில் குடித்த வெப்பத்தை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும், தொட்டித் தண்ணீரும் ஆறியிராது. டேங்குக்குள் ஃபிலிமைத் தாங்கும் பிளாஸ்டிக் சுருளில் (ரீலில்) அதை ஏற்றுவதும் விடியலில்தான் எளிது. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்ட ஐந்தாவது நிமிடம் வியர்வை ஊறி, பிளாஸ்டிக் சுருளில் ஃபிலிம் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும் துன்பத்தை மே மாதத்தில் கழுவும் எவரும் அறிவர். சுருளை முந்தின நாள் வெயிலில் நன்கு உலர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஏற்றுங்கள்.

வெப்பமானி இல்லாமல் இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் அது 0 காட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கலர் ஃபிலிமுக்கான சி 41 முறைக்கு டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும். அது 100 ஃபாரன்ஹீட், காய்ச்சல் பார்க்கும் கருவியிலேயே சரிபார்த்துவிடலாம். கத்திரி வெயில் மதியத்தில் எங்கள் தொட்டித் தண்ணீர் அதற்கு வெகு அருகில்தான் வருகிறது. ஆகவே கோடையில் கலர் கழுவுபவர்கள் நம்மைவிடப் பாக்கியசாலிகள்.

கடைசி முக்கலுக்கு இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே, அதையும் 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் உலரும்போது வெள்ளைத் திட்டுகள் விழும். அவசரமில்லாத சுருள்களை மார்கழி வரை ஒத்திவைக்கவும் செய்யலாம். எடுத்து முடித்த ஃபிலிமை அதன் டப்பாவில் இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கழுவ எடுக்கும் நாளில் மட்டும், டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வர விடுங்கள், இல்லையேல் உள்ளே நீர் பூத்துவிடும்.