ஒரே பந்து, தனிக் குவளை

சென்ற இதழில் ஸ்டேடியத்தில் கேட்கும் வசவுகள் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): போனில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவேன். மைக்கை ஆன் செய்து ஒரு வார்த்தை பேசினால் போதும், "டேய், பொண்ணுடா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் வழிசல், பதில் சொல்லாவிட்டால் கெட்ட வார்த்தை. "பையன் பெயரில் ஐடி வைத்துக்கொள், மைக்கை ஆஃப் பண்ணிவிடு" என்கிறான் அண்ணன். செய்யட்டுமா?

பதில்: அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கவனித்தீர்களா, கத்துகிறவனுக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லா வேலையும் உங்களுக்கு. பெயரை மாற்ற வேண்டியது நீங்கள், வாயை மூட வேண்டியது நீங்கள், பக்கத்து அறையில் எதிரியின் காலடிச் சத்தம் கேட்டாலும் டீமுக்குச் சொல்ல முடியாமல் சாக வேண்டியதும் நீங்கள்.

ஒரு ஸ்க்வாடில் நாலு பேர். ஒருவன் கத்துகிறான், இன்னொருவர் நீங்கள். மீதி இரண்டு பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? எனக்கு அந்த இரண்டு பேர் மேல்தான் கோபம். "விளையாட வந்தியா, வழிய வந்தியா?" என்று அவர்களில் ஒருவன் கேட்டால் பாதி ஆட்டத்தில் அவன் அடங்கிவிடுவான். கேட்பதில்லை.

இது இங்கே மட்டும் இருக்கிற வியாதி இல்லை. 2014இல் அமெரிக்காவில் கேமர்கேட் என்று ஒரு கூத்து நடந்தது. கேம் உருவாக்கிய பெண்கள், கேம்களை விமர்சித்த பெண்கள் சிலருக்குக் கொலை மிரட்டலும் பாலியல் மிரட்டலும் விடுத்து, அவர்களை வீட்டை விட்டே ஓட வைத்தார்கள். பத்திரிகை தர்மத்துக்காகப் போராடுகிறோம் என்று அதற்குப் பெயர் வேறு. கம்பெனிகள் இப்போதுதான் விழித்திருக்கின்றன. கால் ஆஃப் டூட்டியில் 2023இல் வீரர்களின் பேச்சைக் கேட்டு வசவைக் கண்டுபிடிக்கிற மென்பொருளை இறக்கினார்கள், முதலில் ஆங்கிலத்துக்கு. நம் ஊர்க் கெட்ட வார்த்தைகளின் வளத்தை அது கற்று முடிப்பதற்குள் உங்களுக்குக் கல்யாண வயதில் பேத்தி இருப்பாள்.

அதுவரை ரிப்போர்ட் பட்டனை விடாமல் அழுத்துங்கள். மிரட்டல் என்று போனால் ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து சைபர் கிரைமில் கொடுங்கள். அப்புறம், அண்ணனை ஸ்க்வாடுக்குள் இழுத்துப் போடுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராக அவர் இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், மதுரை): மைதானத்துக்குள் சாதி கிடையாது, பந்துக்குச் சாதி தெரியாது என்று என் நண்பர் வாதாடுகிறார். நிஜமா?

பதில்: பந்துக்குத் தெரியாது, சரி. டீ கொண்டுவருகிறவருக்குத் தெரியுமே!

பல்வங்கர் பாலு பற்றி உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 1876இல் பிறந்த தலித். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் பிட்ச் உருட்டி, வலை கட்டிக்கொண்டிருந்த ஆள். பயிற்சிக்குப் பந்து போடச் சொன்னார்கள், போட்டார். இடது கைச் சுழல். அங்கே ஆடிய வெள்ளைக்கார அதிகாரிகளே திணறினார்கள். அந்த வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையில் இந்துக்களின் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. இனிமேல்தான் விஷயமே. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். டீ இடைவேளையில் மட்டும் அவர் பெவிலியனுக்கு வெளியே நிற்க வேண்டும். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்குக் குடித்துவிட்டுத் தூக்கியெறிகிற மண் குவளை. சாப்பாடும் தனியாக. அவரால் விக்கெட் விழும்போது கட்டிப்பிடித்தார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். மதவாரியாக அணி பிரித்து ஆடிய அந்தக் காலத்தில், இந்துக்கள் அணிக்கு அவரை ஒருமுறைகூடக் கேப்டனாக்கவில்லை. தம்பி விட்டலுக்கு அது 1923இல் கிடைத்தது, அதுவும் சகோதரர்கள் நிர்வாகத்தோடு சண்டை போட்ட பிறகு. (சுவையான உபரித் தகவல்: 1937 பம்பாய்த் தேர்தலில் பாலு போட்டியிட்டுத் தோற்றார், அம்பேத்கரிடம்!)

அதெல்லாம் அந்தக் காலம் என்பார் நண்பர். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021இல் நடந்தது. ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார், ஒலிம்பிக்ஸில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நாலு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1 என்று அணி தோற்றது. ஹரித்வார் பக்கம் இருக்கும் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றதாம். போலீஸ் கைது செய்தது. சொந்த நாடு தோற்றதற்குப் பட்டாசு வெடிக்கிற தேசபக்தியை என்னவென்று சொல்ல?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்): ஊர்க் கபடிப் போட்டியில் பனியன் நிறத்தைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிகிறது. பள்ளி டீமிலும் அதே பிளவு. நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

பதில்: சார், உங்கள் பக்கத்தில்தான் 2025 மார்ச்சில் அது நடந்தது. ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சை எழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்புப் பையனைக் கீழே இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று செய்தி வந்தது. ஒரு ரைடில் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடுவதற்கு இந்த விலை.

நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்றது. கயிற்றை அவிழ்க்கலாம். பனியனை? அதற்கு உங்களைப் போன்றவர்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கோச் செய்ததைச் சொல்கிறேன். கபடியில் கார்னர் ஆடுகிறவனும் அவனுக்குப் பக்கத்தில் இன் ஆடுகிறவனும் கையைக் கோத்துக்கொண்டுதான் ரைடரைப் பிடிக்கப் போக வேண்டும், கையை விட்டால் பாயிண்ட் போச்சு. அந்த ஜோடிகளை அவர் தெரு மாற்றித் தெரு போட்டார். முதல் வாரம் இரண்டு பையன்கள் வரவே இல்லை. ஒரு அப்பா வந்து சத்தம் போட்டார். கோச் மாற்றவில்லை. அந்த வருஷம் டீம் ஒன்றும் ஜெயித்துவிடவில்லை, மாவட்டத்திலேயே தோற்றது. ஆனால் தோற்றுவிட்டு ஒரே வண்டியில் திரும்பி வந்தார்கள்.

கேள்வி (தந்தை, ஈரோடு): வீடியோ கேமில் சுட்டுப் பழகித்தானே பையன்கள் இப்படி ஆகிறார்கள்?

பதில்: அந்தப் பேருந்தை மறித்த அரிவாள் போனிலிருந்து வரவில்லை.

கேள்வி (வாசகி, சேலம்): நண்பர்கள் வட்டத்தில் ஒருவரைக் "கருப்பா" என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம். அவரும் சிரிக்கிறார். இதிலுமா குற்றம் காண வேண்டும்?

பதில்: வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் டேரன் சமியும் சிரித்தார். ஐபிஎல்லில் ஐதராபாத் அணியில் அவரையும் திசர பெரேராவையும் "காலு" என்று கூப்பிட்டார்கள். பலசாலி, குதிரை மாதிரி ஏதோ பாராட்டு என்று நினைத்திருந்தாராம். அதற்கு அர்த்தம் கருப்பன் என்று 2020இல் தெரிந்தபோது கொதித்துப்போனார். நம்மூர் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், சின்ன வயதிலிருந்தே நிறத்தைச் சொல்லிப் பட்ட கிண்டலை 2017இல் வெளிப்படையாக எழுதினார். இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவருக்கே இது.

எங்கள் தெரு கிரிக்கெட்டில் ஒரு பையனை அப்படித்தான் கூப்பிடுவோம், நானும்தான். முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்து அதே பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்தில் அவன் மகள் நின்றாள். சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

கேள்வி (வாசகர், சென்னை): 1999இல் பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய சேப்பாக்கம் எங்கே, கைகூடக் குலுக்காத இன்றைய கிரிக்கெட் எங்கே?

பதில்: அந்த டெஸ்டை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்கும். இலக்கு 271, சச்சின் முதுகு வலியோடு 136, வெறும் 12 ரன்னில் தோல்வி. கொஞ்ச நேரம் மைதானமே உறைந்து, அப்புறம் வாசிம் அக்ரம் அணி சுற்றி வந்தபோது எழுந்து கைதட்டினார்கள். பெருமைதான். ஆனால் அதையே சொல்லிக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2018 ஏப்ரலில் காவிரிக்காக அதே மைதானத்தில் வீரர்கள் மேல் செருப்பு வீசினோம், மஞ்சள் பனியன் போட்டு வந்தவர்களை ரோட்டில் அடித்தோம். பனியன் போட்டவனா தண்ணீரை நிறுத்தினான்?

2025 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தான் வீரர்களோடு கைகுலுக்காததற்குப் பின்னால், அந்த ஏப்ரலில் பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலில் செத்த 26 பேர் இருக்கிறார்கள். அந்தத் துக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்குப் பயம் தருவது வேறு. 2021இல் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றபோது பதினொரு பேரும் தோற்றார்கள், வசவு மட்டும் முகமது ஷமிக்குப் போனது. கேப்டன் கோலி அவருக்காக வெளிப்படையாகப் பேசினார், உடனே கோலியின் கைக்குழந்தைக்கே மிரட்டல். அதேபோல நீரஜ் சோப்ராவின் அம்மா. 2024இல் பாரிஸில் ஈட்டி எறிதலில் தன் மகனை முந்தித் தங்கம் வாங்கிய பாகிஸ்தானின் அர்ஷத் நதீமையும் என் பிள்ளை என்றார், நாடே உருகியது. அடுத்த ஏப்ரலில் அர்ஷத்தைப் போட்டிக்கு அழைத்ததற்காக நீரஜையும், அதே வார்த்தைக்காக அதே அம்மாவையும் திட்டித் தீர்த்தார்கள். அழைப்பு போனது பஹல்காமுக்கு முன்னால் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி (வாசகி, புதுக்கோட்டை): எங்கள் மாவட்டத்து சாந்தியின் பதக்கத்தைப் பறித்தது சரியா? விதி என்று ஒன்று இருக்கிறதே?

பதில்: பெண்கள் பிரிவுக்கு எல்லை எங்கே என்பது பெரிய விவாதம், அறிவியலும் நியாயமும் முட்டிக்கொள்கிற இடம். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் மரபணுச் சோதனையே கட்டாயம். அதை ஓரமாக வைப்போம். சாந்திக்கு 2006இல் நடந்தது விதி இல்லை, அவமானம். தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி, உடனே பெண்தானா என்று ஒரு பாலினச் சோதனை, சில நாளில் அவர் உடம்பு டிவியில் தலைப்புச் செய்தி. ஒரு மனுஷியின் மருத்துவ முடிவைக் கசியவிட்டவர்களை யாரும் பரிசோதிக்கவில்லை. அதன்பின் தற்கொலை முயற்சி, செங்கல் சூளை வேலை. ஓட்டக்காரி டுட்டீ சந்த் 2015இல் வழக்காடி, பெண்களுக்கு ஹார்மோன் அளவு வைத்த விதியை நிறுத்திவைக்கச் செய்தபோது அவர் பின்னால் வக்கீல்கள் இருந்தார்கள். சாந்தி பின்னால் யார் இருந்தது? பிறகு தானே பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓடவைத்தார், அது அவர் கெட்டிக்காரத்தனம்.

கேள்வி (வேலை தேடும் இளைஞர், கண்ணகி நகர்): கபடி கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கி வந்து எங்கள் ஏரியா பெயரை நிமிர்த்தினார். ஆனால் நான் இன்னமும் பயோடேட்டாவில் "துரைப்பாக்கம்" என்றுதான் எழுதுகிறேன். துரோகமா?

பதில்: இல்லை தம்பி. குடிசைகளை அகற்றிக் குடியேற்றிய இடம்தானே என்று, கண்ணகி நகர் பெயரைப் பார்த்ததும் பயோடேட்டாவைக் கீழே வைக்கிறவன் வெட்கப்பட வேண்டிய விஷயத்துக்கு நீங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? துரைப்பாக்கம் என்றே எழுதுங்கள், அதுவும் பொய்யில்லையே. வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் ஆபீஸில் இருக்கிறவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். லொகேஷன் அனுப்பும்போது சரியான பெயரிலேயே அனுப்புங்கள்.