சிறிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமா? மே மாதத்தில் ஆய்வகத்தைப் பாருங்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். வேதியியல் படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். நாகர்கோவிலில் அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருட பி.எஸ்சி. சேர்க்கலாமா, வெளியூரில் 2,000 பேர் மட்டுமே படிக்கும் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா? ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்? (தக்கலை அருகிலிருந்து ஒரு தாய்)

பதில்: நேரில் பார்க்கும் வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பிள்ளையைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன். அதற்குப் பிறகு அவள் என்ன படிக்கிறாள் என்பது அவர் கவலை இல்லை.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்ற பெயரால் உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் ஒன்றுதான்: பட்டப்படிப்பிலேயே, நிஜமாக ஆராய்ச்சி நடக்கும் ஆய்வகத்தில் நின்று வேலை பழகலாம். அது கிடைக்காது என்றால் இரட்டிப்புக் கட்டணம் கட்டி வெளியூர் போவதில் அர்த்தமில்லை. ஆகவே கட்டடம், ஏசி வகுப்பறை, பேருந்து எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் தேடுங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலிருந்தே பாதி வேலை முடியும். யு.ஜி.சி. தளத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அங்கீகாரம் பெற்றவை அவை. உங்கள் மகள் படிக்கப் போகும் வளாகம் அதே அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். வேறு ஊரில் திறந்த கிளை வளாகத்துக்குத் தனி அனுமதி வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் தரச்சான்று இருந்தால் எழுத்தை மட்டும் பார்க்காமல் எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பாருங்கள். ஏ++ என்றால் 4 புள்ளிக்கு 3.51 அல்லது அதற்கு மேல்.

இதைவிடப் பயனுள்ளது, பலருக்கும் தெரியாத ஒரு கோப்பு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் தளத்திலேயே பி.டி.எஃப். ஆகப் போட வேண்டும். தரவரிசை எண்ணை விட்டுவிட்டு அந்தக் கோப்பைத் திறங்கள். முனைவர் பட்ட மாணவர்களில் முழுநேரம் எத்தனை, பகுதிநேரம் எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். பகுதிநேரமே பெரும்பான்மை என்றால் ஆய்வகத்தில் அன்றாடம் ஆள் இருக்காது. உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க அண்ணன், அக்கா யாரும் அங்கே இல்லை. வெளி அமைப்புகளிடமிருந்து ஆராய்ச்சிக்கு வந்த தொகை, திட்டங்களின் எண்ணிக்கை, மேற்படிப்புக்குத் தேர்வானவர்கள் எத்தனை பேர் என்பதும் அதில் உண்டு.

ஆசிரியர் பட்டியலும் சேர்ந்த தேதியோடு இருந்தால் இரண்டு ஆண்டுக் கோப்புகளை எடுத்து வேதியியல் துறை ஆசிரியர்களின் பெயர்களை மட்டும் ஒப்பிடுங்கள். சிறிய இடத்தின் பலவீனம் இங்கேதான் தெரியும். எட்டு ஆசிரியர் உள்ள துறையில் மூன்று பேர் போனால் ஒரு பாடப்பிரிவே காலி. பெரிய பல்கலைக்கழகம் அதைத் தாங்கும், சிறியது தாங்காது. ஒரே பேராசிரியரிடம் இருபது ஆய்வு மாணவர்கள் என்று சொன்னால் அதையும் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான் உச்சவரம்பு.

இனி நேரில். பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வரும்போது பட்டப்படிப்பு மாணவர்களுக்கு விடுமுறை. வளாகம் வெறிச்சோடி இருக்கும் என்று தயங்க வேண்டாம், நமக்கு அதுதான் வசதி. ஆராய்ச்சிக்கு மே மாத விடுமுறை கிடையாது. ஒரு வேலைநாளில், மதியம் மூன்று மணிக்குமேல் போய், ஆறு மணிவரை இருங்கள். அந்த நேரத்தில் ஆய்வகங்கள் பூட்டியிருந்து, சாவி தேட ஒருவர் ஓடினால் அங்கே என்ன நடக்கிறது என்பது புரிந்துவிடும். அட்மிஷன் அலுவலகம் அழைத்துச் செல்லும் சுற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், துறைத் தலைவருக்கு முன்பே மின்னஞ்சல் எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மகளே எழுதட்டும். பதில் வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியதே.

பெரிய கருவிகள் இருக்கும் அறையில் கருவியின் விலையைச் சொல்வார்கள். நீங்கள் பக்கத்தில் கிடக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த மாதிரியை ஓட்டினார் என்று கையால் எழுதிய நோட்டு அது. நேற்றைய தேதி இருந்தால் நல்லது. கடைசி வரி போன வருடத்தோடு நின்றிருந்தால் கருவி பழுதாகியிருக்கலாம், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், அல்லது ஓட்டத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். எதுவானாலும் உங்கள் மகளுக்கு அது உதவாது.

வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப்புகையை இழுக்கும் கண்ணாடி அறை, அதாவது ஃபியூம் ஹூட், இருக்கும். விசிறியைப் போடச் சொல்லி, ஒரு டிஷ்யூ காகிதத்தின் நுனியைக் கண்ணாடிக் கதவின் கீழே பிடியுங்கள். காகிதம் உள்பக்கம் இழுபட வேண்டும். ஆடாமல் தொங்கினால் புகை மாணவர் முகத்துக்குத்தான் வரும். ஹூட் முழுக்கப் பழைய பாட்டில்கள் அடுக்கியிருந்தால் அதை அலமாரியாக்கிவிட்டார்கள்.

பிறகு ஆய்வு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். மூன்றே கேள்வி போதும். ரசாயனம் ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருகிறது? உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா? வெளியே சோதனைக்கு அனுப்பினால் பணம் யார் கட்டுவது? எல்லாக் கருவியும் சிறிய இடத்தில் இருக்காது; சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு மாதிரி அனுப்புவது வழக்கம், அது குறையல்ல. மாணவர் சொந்தக் காசில் அனுப்பினால்தான் குறை.

துறைத் தலைவரிடம் கேட்க வேண்டியது: பட்டப்படிப்பு மாணவி எந்த ஆண்டிலிருந்து ஆய்வகத்துக்குள் வரலாம், இப்போது எத்தனை பேர் வருகிறார்கள்? “நாலாம் ஆண்டில் ப்ராஜெக்ட் உண்டு” என்பது பதிலாகாது. நான்கு வருடப் பட்டத்தில் ‘ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ்’ பெற, யு.ஜி.சி. சட்டகப்படி முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும்; எடுக்காவிட்டால் மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியேறலாமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணத்தையும் முழுப் படிப்புக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்: டியூஷன், தேர்வு, ஆய்வகம், விடுதி, மெஸ், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, வருடாந்திர உயர்வு. மதிப்பெண் பட்டியலின் அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, அறிவிக்கப்பட்ட கடைசி சேர்க்கைத் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத்தொகை கிடைக்கும் (அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை முழுத்தொகையும் தரச் சொன்னார்கள். இந்த ஆண்டுச் சுற்றறிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தால் அடிப்படை அறிவியலுக்கு வருடம் 80,000 ரூபாய் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

விடுதி மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். சில வளாகங்களில் சைவம் மட்டும்தான். மீன்கறி இல்லாமல் சோறு இறங்காத பிள்ளைக்கு நான்கு வருடம் என்பது நீளம், இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள்.

பதிவேடும் ஹூட்டும் ஆய்வு மாணவரின் பதிலும் நன்றாக இருந்தால் சிறிய இடம் மிக நல்ல இடம். முப்பது பேர் வகுப்பில் ஆசிரியர் உங்கள் மகளைப் பேர் சொல்லி அழைப்பார். இல்லையென்றால் நாகர்கோவிலிலேயே சேருங்கள். மிச்சமாகும் பணத்தில், கோடை விடுமுறையில் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்திலோ விதுரையில் உள்ள ஐசரிலோ (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ப்ராஜெக்டுக்கு எழுதிக் கேட்கலாம், மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு எழுதலாம். ஐசரில் நேரடியாகவே சேர வேண்டுமென்றால் அதற்கு ஐ.ஏ.டி. என்ற தனி நுழைவுத் தேர்வு. விண்ணப்பத் தேதி இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.