மூணு மாத்திரை மாத்தியாச்சு, இனி ஆபரேஷன் தானா?

கேள்வி: தம்பிக்கு வயசு 26. கைக்குழந்தையா இருக்கறப்ப ஜுரத்துல வலிப்பு வந்துச்சு, அப்புறம் பன்னெண்டு வயசுலருந்து திடீர்னு வயித்துலருந்து என்னமோ மேல ஏறுதும்பான், கண்ணு நிலைகுத்திடும், வாய சப்பு கொட்டிக்கிட்டே சட்டை பட்டன நோண்டுவான், கேட்டா எதுவும் ஞாபகம் இருக்காது. மூணு மாத்திரை மாத்தியும் நிக்கல. வலது டெம்போரல் லோப்ல (காதுகிட்ட இருக்கற மூளைப் பகுதி) தழும்பு இருக்கு, எடுத்துடலாம்னு பெங்களூர்ல சொல்றாங்க. மண்டைய தொறந்தா பையன் நம்ம பையனா இருக்க மாட்டான்னு அம்மா அழுவுறாங்க. என்ன பண்ண?
- ஒரு அக்கா, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா பயம் நியாயம் தான்மா, ஆனா ஆபரேஷன் வேணாம்னு விட்டா தம்பி பத்திரமா இருப்பான்னு அவங்க நெனைக்கறாங்க பாருங்க, அது சரியில்ல. சரியா குடுத்த ரெண்டு மாத்திரை கேக்கலன்னா மூணாவது நாலாவதுல முழுசா நிக்கறது ரொம்ப கம்மி. 2001-ல கனடால இதே டெம்போரல் லோப் வலிப்பு உள்ள 80 பேர சீட்டு போட்டு ரெண்டா பிரிச்சு பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு நெனவு தப்பற ஃபிட்ஸ் இல்லாம இருந்தது ஆபரேஷன் பக்கம் நூத்துக்கு 58 பேர், வெறும் மாத்திரை பக்கம் 8 பேர், அந்த மாத்திரை பக்கம் தான் ஒருத்தர் செத்தும் போனாரு. எல்லாருக்கும் நிரந்தரமா நின்னுடும்னும் நெனச்சுக்காதீங்க. லண்டன்ல 615 பேர வருஷக்கணக்கா பாத்ததுல (முக்காவாசிக்கு மேல டெம்போரல் ஆபரேஷன் தான்) அஞ்சு வருஷத்துல 52 சதவீதம், பத்து வருஷத்துல 47 சதவீதம் பேர் நெனவு தப்பற ஃபிட்ஸ் இல்லாம இருந்தாங்க. மத்தவங்கள்லயும் நெறைய பேருக்கு முன்ன மாதிரி அடிக்கடி வரல. ஸ்கேன்ல தழும்பு தெளிவா தெரிஞ்சு, வீடியோ ஈஈஜியும் (ஃபிட்ஸ் வர்றப்ப ஆளயும் மூளை மின் அலையயும் சேத்து பதிவு பண்ற டெஸ்ட்) அதே எடத்த காட்டுச்சுன்னா பலன் கெடைக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ஞாபக சக்தி? பெரும்பாலும் இடது பக்கம் எடுத்தா தான் பேரு, வார்த்தை மறக்கறது அதிகம், தம்பிக்கு வலது, அதனால அந்த பயம் கொஞ்சம் கம்மி. ஆனாலும் ஞாபக சக்தி டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, இடது மேல் மூலைல பார்வை கொஞ்சம் மறையலாம், அதையும் கேளுங்க, வண்டி ஓட்டற பையனா இருந்தா முக்கியம். ஆளோட குணமே மாறிடும்ங்கறது ஊர் பேச்சு, வலிப்பு வந்தா கைல சாவி குடுக்கறோமே அந்த ரகம். ரெண்டாவது கருத்து வேணும்னா திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரி இருக்கு, 1995-லருந்து இந்த ஆபரேஷன் பண்றாங்க. அம்மாவயும் கூட்டிட்டு போங்க, அவங்க கேள்விய அவங்களே டாக்டர்ட்ட கேக்கட்டும்.

கேள்வி: ஆபரேஷன் ஆயி ஆறு மாசமா ஃபிட்ஸ் இல்ல, மாத்திரைய விட்டுடலாமா? அப்புறம் வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதாமே?
- அரூர் வாசகர்

பதில்: மாத்திரைய நீங்களா கை வைக்கவே கூடாது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் போனப்புறம் டாக்டர் பாத்து கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு, சில பேருக்கு ஒண்ணாவது தொடர்ந்து ஓடும். கல்யாண விஷயம் பழைய கதைங்க, இந்து திருமண சட்டத்துல வலிப்புன்னு இருந்தத 1999-லயே எடுத்துட்டாங்க. அதுக்காக பொண்ணு வீட்ல மறைக்காதீங்க, மாத்திரை டப்பா எத்தன நாளைக்கு ஒளிஞ்சிருக்கும்.